மல்லிக்கு அங்கயும் மல்லின்னுதானுங்க பேரு

எங்கம்மா சத்தியமங்கலத்த விட்டு ரெண்டு ராத்திரி சேந்தாப்ல வெளிய தங்குனதே இல்லைங்க, காரணம் மல்லிக்காடு. மல்லி வெச்சிருக்கற ஊட்டுக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, வெடியால மூணு மணிக்கு தலைல லைட்ட மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள எறங்குனா வெயில் ஏர்ற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம மொக்கு பொறிக்கோணும், ஒரு நாள் விட்டுட்டா அது செடியிலயே பூத்துரும், பூத்த பூவ மார்க்கெட்ல எவனும் சீண்ட மாட்டான். கல்யாணமோ சாவோ நோம்பியோ எதுவா இருந்தாலும் பூவ பொறிச்சு ஏலத்துக்கு அனுப்பிச்சுட்டுத்தான் கெளம்போணும், பொழுதோட திரும்பி வந்தாகணும். என்ற கல்யாணத்தன்னைக்கு காத்தாலகூட அம்மா காட்டுக்கு போயிட்டு வந்துதான் பட்டுச்சேலை கட்டுனாங்க.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. 2024 ஜூலைல நம்மாளுங்க விசா இல்லாம தாய்லாந்துல 60 நாள் வரைக்கும் தங்கலாம்னு வந்துச்சு, அதப் பாத்ததுமே எனக்கு அம்மாவத்தான் கூட்டிட்டுப் போகோணும்னு தோணுச்சு, ஏன்னா பாங்காக்ல ஒரு பூ மார்க்கெட் இருக்குன்னு நான் எங்கயோ வீடியோல பாத்து வெச்சிருந்தேன். அம்மாவுக்கு என்னத்தக் காட்டுனா சந்தோசப்படுவாங்கன்னு எனக்குத் தெரியும், கடலு கப்பலெல்லாம் இல்லைங்க, இன்னொரு ஊர்க்காரி பூ கட்டறத. சித்தி "காட்ட நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வாக்கா"ன்னு ஏத்துக்கிச்சு. அப்பா மாட்ட விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு. அக்டோபர்ல போனோம், புரட்டாசி மாசம், அம்மா மாசம் பூராவும் கவுச்சி தொட மாட்டாங்க, கூடப் போறதால நானும் தொடல. அஞ்சு நாள் இருந்தோம், ஆனா நான் எழுதப் போறது ஒரே ஒரு நாளப் பத்தி, அக்டோபர் 5, புரட்டாசி மூணாவது சனிக்கிழமை.

பாஹுரத்ங்கற ஏரியாவுல சின்ன லாட்ஜ்ல ரூம் போட்டிருந்தோம். அது துணிக்கடைத் தெரு, சீக்கியருங்க ரொம்ப காலமா யாவாரம் பண்ற எடம், பக்கத்துலயே பெரிய குருத்வாரா இருக்கு, நம்மூரு மளிகைச் சாமான்கூட கெடைக்கும். அங்கிருந்து பூ மார்க்கெட்டுக்கு நடந்தே போயிரலாம், அதுக்காகத்தான் அந்த எடத்தையே பாத்தேன். அலாரம் வெக்கவே இல்லைங்க. அம்மாவுக்கு நம்மூரு மூணு மணிக்கு தானா முழிப்பு வந்துருச்சு, அந்த ஊருக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னால போகுது கடியாரம், அங்க அப்ப நாலரை. எழுந்திரிச்சு உக்காந்துட்டு "கண்ணு, இன்னைக்கு பூ பொறிக்கற வேலை இல்லீல்ல"ன்னு கேட்டாங்க, எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

பாக் க்ளாங் தலாட், அதான் மார்க்கெட் பேரு. சாவோப்ரயா ஆத்தங்கரைல, மெமோரியல் பிரிட்ஜ் பக்கத்துல. ராப்பகலா 24 மணி நேரமும் நடக்குது, ஆனா கூட்டமெல்லாம் விடியறதுக்கு முன்னாடிதான். தெருவுல கால் வெக்கறதுக்கு முன்னாடியே வாசம் வந்துருச்சு, அம்மா நின்னுட்டாங்க. "செண்டுமல்லி"ன்னாங்க. ஒரு பத்தடி நடந்து "மல்லி, இன்னைக்கு பொறிச்சது, ஐஸ்ல வெச்சிருக்காங்க"ன்னாங்க. வளைஞ்சு போய்ப் பாத்தா சொன்ன மாதிரியே பெரிய பெரிய பிளாஸ்டிக் பையில மல்லி மொக்கு, மேல ஒடச்ச ஐஸ், தண்ணி சொட்டச் சொட்ட. அந்தப் பக்கம் செண்டுமல்லி ஆளு ஒசரத்துக்கு மஞ்சளா குமிஞ்சு கெடக்குது, இந்தப் பக்கம் தாமரை மொக்குக் கட்டு, ஆர்க்கிட், ரோசா, தள்ளுவண்டிக்காரங்க கத்திக்கிட்டே கூடைகள ஓட்டிட்டுப் போறாங்க, கீழ பூராவும் ஈரம், இதழு, நாரு. கனகாம்பரத்த மட்டும் அம்மா கடைசி வரைக்கும் தேடுனாங்க, கண்ணுல படவே இல்ல.

ஒரு கடையில ஒரு புள்ள, இருவது இருவத்திரண்டு வயசு இருக்கும், ஸ்டூல்ல உக்காந்து மாலை பண்ணிக்கிட்டு இருந்துச்சு. அம்மா கைய நீட்டி "மல்லி"ன்னாங்க, சும்மா என்கிட்ட சொல்ற மாதிரி. அந்தப் புள்ள நிமிந்து பாத்து சிரிச்சுட்டு "மலி, மலி"ன்னுச்சு. அம்மா திரும்பி என்னப் பாத்தாங்க. மறுபடி பூவக் காட்டி "மல்லி?" அது தலைய ஆட்டி "மலி." பொறவு கையில கோத்துக்கிட்டு இருந்ததத் தூக்கிக் காட்டி "மாலை"ன்னே சொல்லுச்சுங்க, அவங்க பாசையில "புவாங் மாலை"ன்னா பூமாலை. அஞ்சு நிமிசத்துல அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் வந்துருச்சு.

அவங்க பண்றத அம்மா ஒரு கால் மணி நேரம் பேசாம பாத்தாங்க. நாம பூ கட்டறோம், அவங்க கோக்கறாங்க. ஒரு மொழத்துக்குக் கொஞ்சம் கொறைச்சலா நீட்டமா ஒரு ஊசி, அதுல மொதல்ல வேசலின் தடவிக்கறாங்க, அப்பத்தான் பூ வழுக்கி எறங்கும். ஒவ்வொரு மொக்கையும் காம்பு உள்பக்கமா, மூக்கு வெளிப்பக்கமா வெச்சு குத்தி, சக்கரத்துக்கு ஆரம் வெச்ச மாதிரி சுத்தீலும் அடுக்கறாங்க, ஒரு வட்டம் முடிஞ்சா அதுக்கு மேல அடுத்த வட்டம், ரெண்டு மொக்குக்கு நடுவுல இருக்கற சந்துல வர்ற மாதிரி. ஊசி ரொம்புனதும் பூராவையும் நூலுக்குத் தள்ளி முடிச்சுப் போட்டா வெள்ளையா ஒரு உருண்டை வளையம், கைய வெச்சாலும் எங்கயும் இடுக்கே தெரியாது. தொங்கறதுக்கு குஞ்சம், அந்தக் குஞ்சத்துக்கு மேல வரிசையா வெள்ளையா சின்னதா கிரீடம் மாதிரி ஒரு பூ. அம்மா அத எடுத்து வெரல்ல வெச்சுத் திருப்பிப் பாத்துட்டு "ஏங் கண்ணு, இது எருக்கம்பூல்ல"ன்னாங்க. எருக்கேதானுங்க. நம்மூர்ல ரோட்டோரத்துல கெடக்கும், பிள்ளையாருக்குப் போடுவோம், மத்தபடி ஊட்டுக்குள்ள யாரும் கொண்டாற மாட்டோம். போன்ல டிரான்ஸ்லேட் போட்டு கேட்டா அங்க அதுக்கு "ராக்"னு பேரு, அவங்க பாசையில அன்புக்கும் அதே சொல்லுதான், அதனால கல்யாண மாலையில எருக்கு இல்லாம இருக்காதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. அம்மா அந்த ஒரு பூவ சேலை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டாங்க, அப்பாகிட்ட காட்டோணுமாம்.

பொறவு அம்மாவோட முறை. 50 பாட்டுக்கு, பாட்டுங்கறது அந்த ஊரு காசு, ஒரு பொட்டலம் மொக்கு வாங்கி, அந்தப் புள்ளகிட்டயே நூலு வாங்கி, ரெண்டு ரெண்டு பூவா எதிரும் புதிருமா வெச்சு வெரல்ல ஒரு சுத்து சுத்தி இழுத்து, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஒரு சாண். ஊசி இல்லாம, குத்தாம, நெருக்கமா. பக்கத்துக் கடைக்காரம்மா எழுந்து வந்துட்டாங்க, எதிர்க்கடையில இருந்து ஒரு ஆயா வந்தாங்க, நாலஞ்சு பேரு சுத்தி நின்னு போன்ல வீடியோ எடுக்கறாங்க. அந்தப் புள்ள தானும் கட்டிப் பாக்கறேன்னு வாங்கி கட்டுச்சு, மொதல் தடவை அவுந்துருச்சு, ரெண்டாவது தடவை அம்மா அதோட வெரலப் புடிச்சு அழுத்தம் எங்க குடுக்கோணும்னு காட்டுனாங்க, நின்னுருச்சு. ஒரு மொழம் ஆனதும் அம்மா தலைல வெச்சுக்கிட்டாங்க, அதப் பாத்து அவங்களுக்கெல்லாம் ஆச்சரியம், அவங்க சாமிக்கும், காருக்கும், படகு மூக்குக்கும் கட்றாங்களே தவிர தெனமும் தலைல வெக்கற பழக்கம் இல்ல. எனக்கும் ஒரு துண்டு, அந்தப் புள்ளைக்கும் ஒரு துண்டு வெச்சு விட்டாங்க. அந்த ஊர்ல அம்மாங்களுக்குன்னு ஒரு நாளு, ஆகஸ்ட் 12, ராணி சிரிகிட் பொறந்த நாளு, 1976ல இருந்து அன்னைக்குத்தான் கொண்டாடறாங்க, அன்னைக்கு பிள்ளைங்க அம்மாவோட கால்ல விழுந்து மல்லிப்பூ குடுப்பாங்களாம். மல்லிதான் அம்மாவுக்கு அடையாளம். அத நான் அம்மாகிட்ட சொன்னேன். ஒண்ணும் சொல்லல, என்ற தலைல பூவ இன்னொருக்கா சரி பண்ணி விட்டாங்க.

வெளிச்சம் வந்துருச்சு, கெளம்புனோம். அங்கிருந்து வாட் போ நடை தூரம். வாட்னா கோயிலு. வாசலுக்கு ஒரு நூறடி முன்னாடி வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தரு மரியாதையா வந்து இன்னைக்கு கோயில் மதியத்துக்கு மேலதான் தொறப்பாங்க, அதுவரைக்கும் இந்த டுக்டுக்ல போயி வேற ஒரு பெரிய புத்தரப் பாத்துட்டு வாங்க, கம்மி காசுதான்னாரு. நான் நம்பிட்டேன், வண்டியில கால் வெக்கப் போயிட்டேன். அம்மாதான் "சனம் உள்ள போயிக்கிட்டே இருக்குது, மூடியிருந்தா ஏங் கண்ணு போவாங்க"ன்னாங்க. ரூமுக்கு வந்து தேடிப் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது, இப்படி ஏத்திக்கிட்டுப் போயி நகைக்கடையிலயும் துணிக்கடையிலயும் எறக்கி விட்டு கமிசன் வாங்கறதாம். போறவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க, கோயில் தொறந்திருக்கா இல்லையான்னு டிக்கெட் கவுண்டர்ல மட்டும் கேளுங்க. டிக்கெட் 300 பாட்டு, தண்ணி பாட்டில் அதுலயே வந்துரும்.

உள்ள செருப்பக் கழட்டி பையில போட்டுக்கிட்டு நொழைஞ்சா, படுத்திருக்கற புத்தரு. 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் ஒசரம், மூணாவது ராமா ராஜா காலத்துல 1832ல செஞ்சது, மேல பூராவும் தங்க முலாம். ஹாலுக்குள்ள எங்க நின்னாலும் முழுசா பாக்க முடியாது, தூணுக்கு தூணு நடுவுல கொஞ்சம் முகம், கொஞ்சம் தோளு, கொஞ்சம் கையின்னு தெரியுது, நடந்துக்கிட்டே இருக்கோணும். அம்மா மொகத்துக்கிட்ட போனதும் கைய தலைக்கு மேல தூக்கி "கோவிந்தா"ன்னு சத்தமாவே சொல்லிட்டாங்க. புரட்டாசி சனிக்கிழமைங்க, வருசா வருசம் காரமடை ரங்கநாதரப் பாத்தே ஆகணும்னு இருக்கறவங்க, இந்த வருசம் போக முடியலயேன்னு மனசுல ஒரு கொறை இருந்திருக்கு. இது பெருமாள் இல்ல, புத்தர் உசுரு விடற நேரத்துல படுத்திருக்கற கோலம்னு நான் மெல்ல சொன்னேன். "இருக்கட்டும் கண்ணு, மொகத்துல அமைதி இருக்குதல்ல"ன்னாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல, எனக்கும் அது சரின்னுதான் பட்டுது.

பாதம்தான் எனக்கு மறக்கல. ரெண்டு பாதமும் கறுப்பா, அதுல முத்துச்சிப்பி ஓட்ட பதிச்சு 108 கட்டம், ஒவ்வொண்ணுலயும் ஒரு மங்கலச் சின்னம், யானை, பூ, மயிலுன்னு. வெளிச்சம் பட்டா கலர் மாறுது. அந்தப் பக்கமா சுவத்த ஒட்டி 108 வெண்கலக் கிண்ணம் வரிசையா இருக்கு, 20 பாட்டு குடுத்தா சின்னச் சில்லறை ஒரு கிண்ணம் நெறைய தர்றாங்க, ஒவ்வொரு கிண்ணத்துலயும் ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போகோணும். டிங்கு டிங்குன்னு அந்த சத்தம் ஹால் பூராவும் மழை மாதிரி விடாம கேட்டுக்கிட்டே இருக்கு. அம்மா ஒவ்வொரு காசுக்கும் ஒரு பேரு சொன்னாங்க, அப்பா, சித்தி, தம்பி, தம்பி பொண்டாட்டி, பேரம்பேத்தி, எங்க ரெண்டு எருமை, பக்கத்துத் தோட்டத்து அக்கா வரைக்கும்.

அந்தக் கோயில் வெறும் கோயில் மட்டும் இல்லைங்க, ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் மாதிரி. மருந்து, நரம்பு, உடம்பு புடிக்கறது எல்லாத்தையும் கல்லுல வெட்டி மண்டபத்துல பதிச்சு வெச்சிருக்காங்க, யார் வேணும்னாலும் படிச்சுக்கலாம்னு. அந்தக் கல்வெட்டுகள யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்ல சேத்திருக்கு. வெளிய ரிசிங்க செல நெறைய, ஒருத்தர் கைய முறுக்கிக்கிட்டு, ஒருத்தர் கால மடக்கிக்கிட்டு, வலிக்கு என்ன ஆசனம் பண்ணோணும்னு காட்டறதுக்கு. உள்ளயே மசாஜ் பண்ற எடம் இருக்கு, அம்மாவ வலுக்கட்டாயமா உக்கார வெச்சு அரை மணி நேரம் பண்ணச் சொன்னேன். முப்பது வருசமா குனிஞ்சு பூ பொறிச்ச இடுப்பு அது. அந்தம்மா கட்ட வெரல வெச்சு ஒரு எடத்துல அழுத்துனதும் அம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு, வலியான்னு கேட்டேன், இல்லைன்னு தலைய ஆட்டுனாங்க.

வாட் அருண் அடுத்த கரையில, தா தியென் படித்துறையில 5 பாட்டு குடுத்தா படகு கொண்டுபோய் விட்டுரும். அருணன்னா நமக்குத் தெரிஞ்ச அதே அருணன்தான், விடியக்கால சூரியனோட தேரோட்டி. கோபுரம் பூராவும் பீங்கான் ஓடு, அந்தக் காலத்துல சீனாவுல இருந்து வந்த கப்பலுங்க கனத்துக்காக ஏத்திட்டு வந்த பீங்கானெல்லாம் இதுல இருக்குன்னு சொல்றாங்க, கிட்டப் போய்ப் பாத்தா தட்டு ஒடச்சு பூவு இதழாட்டம் வெச்சிருக்கறது தெளிவா தெரியுது. வாசல்ல காவலுக்கு ரெண்டு ராட்சசங்க, அதுல பச்சை கலர்ல இருக்கறவரு ராவணன், அந்த ஊர்ல தொட்சகான்னு பேரு, பத்துக் கழுத்துக்காரர்னு அர்த்தம். "ராவணனா காவலு"ன்னு அம்மா ரொம்ப நேரம் அத நெனச்சுக்கிட்டே வந்தாங்க. படி ரொம்ப செங்குத்து, அம்மா கீழயே உக்காந்துக்கிட்டாங்க, வாடகைக்கு பட்டு உடுத்தி போட்டோ எடுத்துக்கற புள்ளைங்களப் பாத்துக்கிட்டு. நான் மட்டும் ஏறிட்டு வந்தேன், அவ்வளவுதான் சொல்றதுக்கு.

சாப்பாட்டப் பத்தி சொல்லியே ஆகோணும், ஏன்னா ஊர்ல இருந்து கெளம்பறப்பவே எனக்கு இருந்த பயம் அதுதான். அந்த ஊர்ல எதுலயும் மீன் சாறு ஊத்திருவாங்க, கறி இல்லாத குழம்புலகூட. புரட்டாசி விரதத்துல அம்மாவுக்கு என்ன குடுக்கறதுன்னு புளிசாதம், கடலைப்பொடி எல்லாம் கட்டிட்டுத்தான் போனேன். ஆனா போய் எறங்குனதுல இருந்தே தெருவுக்குத் தெரு மஞ்சக் கொடி பறக்குது, அதுல செவப்பா ஒரு எழுத்து. அது கின் ஜே நோம்பி. சீன வம்சாவளி ஆளுங்க கும்பிடற ஒன்பது தேவர்களுக்காக ஒன்பது நாள் விரதம், அந்த வருசம் நம்ம நவராத்திரி ஆரம்பிச்ச அதே அக்டோபர் 3ந்தேதிதான் அதுவும் ஆரம்பிச்சிருக்கு, எனக்கு முன்னாடி தெரியவே தெரியாது. கறி, மீனு, முட்டை, பாலு எதுவும் கூடாது, மீன் சாறும் கூடாது, அதுக்கும் மேல பூண்டு வெங்காயமும் கூடாது. வெள்ளைத் துணி உடுத்தறாங்க. அம்மாவுக்கு இதச் சொன்னதும் "நம்மளக் காட்டிலும் கெட்டியான விரதமல்ல இது"ன்னு அந்தக் கொடியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பாத்துக்கிட்டே இருந்தவங்க "கண்ணு, இந்த எழுத்துக்கு முன்னாடி கொம்பு இருக்குது"ன்னாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க அம்மா. நான் அது வரைக்கும் அத படம் மாதிரிதான் பாத்துக்கிட்டு இருந்தேன், எழுத்தாப் பாக்கவே இல்ல. அந்தக் கொடியில ரெண்டே எழுத்து, முன்னாடி இருக்கறது "ஏ" சத்தத்துக்கான குறி, பின்னாடி இருக்கறது "ஜ" மாதிரி ஒரு எழுத்து, சேத்துப் படிச்சா "ஜே". நாம "சே"ன்னு எழுதறப்ப கொம்ப முன்னாடி போட்டு எழுத்த பின்னாடி போடறோமல்ல, சத்தம் பின்னாடி வந்தாலும், அதே மாதிரி. தாய்லாந்து எழுத்து கம்போடியாக்காரங்களோட கெமர் எழுத்துல இருந்து வந்துச்சு, கெமர் எழுத்து நம்ம பல்லவர் காலத்து எழுத்துல இருந்து போனது. ஆயிரத்து சொச்சம் வருசம் முன்னாடி கப்பல்ல போன கொம்பு மஞ்சக் கொடியில நிக்குது, அத எங்கம்மா கண்டுபுடிச்சாங்க. அதுக்கப்புறம் எங்க கொம்பு தெரிஞ்சாலும் கடைக்குள்ள நேரா போய் உக்காந்துக்கிட்டாங்க.

மதியம் ஒரு சந்துல மஞ்சக் கொடி கட்டுன தள்ளுவண்டிக் கடை. வாழையிலை விரிச்ச கூடையில வெள்ளையா சுருட்டி சுருட்டி அடுக்கி வெச்சிருக்காங்க, அம்மா எட்டிப் பாத்தாங்க, "சந்தகை"! அதான், நம்ம பக்கத்துல இடியாப்பமாட்டம் பண்றது. அங்க கனோம் ஜீன்னு பேரு, அரிசிய ஊறவெச்சு புளிக்க வெச்சு அரைச்சு மாவாக்கி கொதிக்கற தண்ணியில பிழியறாங்க, நாம வேகவெச்சு பிழியறோம், அவங்க பிழிஞ்சு வேகவெக்கறாங்க, மத்தபடி வாயில வெச்சா ஒரே பதம், லேசா புளிப்பு மட்டும். மேல தேங்காப்பால்ல செஞ்ச கொழம்பு ஊத்தி, பக்கத்துல பச்சையா மொளைகட்டுனது, வாழைப்பூ, கீரை எல்லாம் தட்டுல வெச்சுத் தர்றாங்க. நாம சந்தகைக்கு தேங்காப்பாலும் வெல்லமும்தான ஊத்துவோம், காரமா ஊத்தலாம்னு அம்மாவுக்கு தோணினதே இல்லையாம். ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க. வந்த பொறவு ஊட்டுலயும் ஒருக்கா செஞ்சாங்க, கலங்கா இஞ்சி கெடைக்காம நம்ம இஞ்சியவே போட்டு, நல்லாத்தான் இருந்துச்சு.

அதே சந்துல பணியாரக்கல்லும் இருந்துச்சுங்க. கனோம் க்ரோக், குழிக்குள்ள அரிசிமாவு தேங்காப்பால் ஊத்தி, மேல மக்காச்சோளம் ரெண்டு போட்டு மூடி வெக்கறாங்க, அடி மொறுமொறுன்னு, நடுவுல கரண்டியில அள்ளற பதத்துல கொழகொழன்னு. ரெண்டு பாதிய எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து தர்றாங்க. சுடச்சுட ஒண்ண வாயில போட்டு நாக்க சுட்டுக்கிட்டேன். மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் சாப்பிட்டோம், எல்லாரும் புகழ்றதுதான, மாம்பழத்துக்கு உப்பு போட்ட தேங்காப்பாலு அம்புட்டுப் பொருத்தமா இருக்கும்னு சாப்பிட்டாத்தான் தெரியும்.

மூணு மணி வாக்குல மழை கொட்டித் தீத்துருச்சு, ஒரு கடை ஓரத்துல நின்னோம். மழை விட்டதும் நான் அம்மாவ கூட்டிட்டுப் போன எடத்த அவங்ககிட்ட முன்னாடி சொல்லவே இல்ல. பழைய டவுனுக்கு நடுவுல ரோட்டு மேல செவப்பா ரெண்டு பெரிய தேக்கு மரத் தூணு, மேல வளைவு வெச்சு, நெட்டுக்கு நிக்குது. ஊஞ்சல்ங்க. சாவோ சிங்சான்னு பேரு, பலகை இப்ப இல்ல, கால் மட்டும்தான். 1784ல மொதலாவது ராமா ராஜா வெச்சது, இப்ப நிக்கற மரம் 2007ல மாத்துனது. அந்தக் காலத்துல மார்கழி தை வாக்குல ஆளுங்க அதுல நின்னு ஆடி, எதிர்ல மூங்கில்ல கட்டித் தொங்க விட்ட பணமுடிச்ச பல்லுல கவ்வுவாங்களாம். ஆபத்துன்னு 1935 வாக்குல நிறுத்திட்டாங்க. பக்கத்துலயே தேவஸ்தான்னு ஒரு சின்ன கோயில், வெள்ளைச் செவுரு, ஆடம்பரம் ஒண்ணும் இல்ல, சிவனுக்கு ஒண்ணு, பிள்ளையாருக்கு ஒண்ணு, பெருமாளுக்கு ஒண்ணுன்னு மூணு சன்னதி. அதுவும் 1784தான். அரண்மனைச் சடங்கெல்லாம் பண்ற பிராமணங்களோட கோயில் அது.

நான் அங்க நின்னுக்கிட்டு அம்மாகிட்ட சொன்னேன், "ஏனுங்கம்மா, இந்தக் கோயில்ல வருசா வருசம் ஒரு நோம்பி நடக்குதுங்க, அதுக்கு பேரு என்ன தெரியுங்களா, த்ரியம்பவாய் த்ரிபவாய்." அம்மாவுக்கு மொதல்ல புரியல. இன்னொருக்கா மெதுவா சொன்னேன். த்ரியம்பவாய். த்ரிபவாய். அம்மா வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தாங்க, ரெண்டாவது தடவைல அப்படியே நின்னுட்டாங்க. "திருவெம்பாவை திருப்பாவையா கண்ணு?"

ஆமாங்க, அதேதான். எப்பவோ நம்ம பக்கத்துல இருந்து போன பாட்டு, அங்க இருக்கற பிராமணங்க தலைமுறை தலைமுறையா சொல்லிக்கிட்டு வர்றாங்க, இப்ப அவங்களுக்கு அதுக்கு அர்த்தம் தெரியாது, சொல்லெல்லாம் அவங்க நாக்குக்கு ஏத்த மாதிரி மாறிப் போச்சு, ஆனாலும் விடாம பாடறாங்க. அம்மா எட்டு வயசுல இருந்து மார்கழியில வெடியால ஈசுவரன் கோயிலுக்குப் போயி திருவெம்பாவை பாடுறவங்க, இன்னைக்கும் அந்த ஒரு மாசம் பூ பொறிக்கறதுக்கு நடுவுல காட்டுக்குள்ளயே பாடுவாங்க, தலைல லைட்டு எரிய, பனிக்குள்ள, நானும் தம்பியும் படுத்துக்கிட்டே கேட்டு வளந்த கொரல் அது. நாங்க போன நேரம் சன்னதி பூட்டியிருந்துச்சு, வெளிய நின்னுதான் கும்பிட்டோம். மழைத்தண்ணி இன்னும் கூரையில இருந்து சொட்டிக்கிட்டு இருக்கு, ரோட்டுல பஸ்ஸு போகுது. அம்மா கண்ண மூடி மொதல் பாட்ட ஆரம்பிச்சாங்க, பெருசா இல்ல, எனக்கும் சாமிக்கும் கேக்கற அளவு. ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் எம்பாவாய்னு வர்ற எடத்துல கொரல் கொஞ்சம் தூக்கும். மூணு பாட்டு பாடுனாங்க. கோயில் வாசல் கூட்டிக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு வெளக்கமாத்த செவுத்துல சாச்சு வெச்சுட்டு, கை ரெண்டையும் கூப்பிக்கிட்டு முடியற வரைக்கும் நின்னாரு. அவருக்கு என்ன புரிஞ்சுதோ எனக்குத் தெரியாது. நான் அழுதேன், அதச் சொல்றதுக்கு என்ன.

பொழுதோட டாக்சி புடிச்சு சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பண்ணாரிக்காரி ஊர்ல இருந்து வந்துட்டு அங்க இருக்கற மாரியம்மனப் பாக்காம போனா ஆத்தா கோவிச்சுக்குவான்னாங்க அம்மா. 1870கள் வாக்குல அங்க பொழைக்கப் போன நம்ம தமிழாளுங்க கட்டுன கோயில், கோபுரமெல்லாம் அச்சு அசல் நம்மூருதான், வாட் கேக்குன்னு சொன்னா டாக்சிக்காரங்களுக்குத் தெரியும். நவராத்திரிங்கறதால கூட்டம் நெரியுது, ஆனா கூட்டத்துல முக்காவாசி தாய்லாந்துக்காரங்கதான், தட்டுல தேங்கா, வாழைப்பழம், செண்டுமல்லி மாலை வெச்சுக்கிட்டு, நம்மளவிட அடக்கமா வரிசையில நிக்கறாங்க. அம்மா தலைல இருந்த மல்லியில பாதிய அவுத்துக் குடுக்கப் போனாங்க, பொறவு தலைல வெச்சத சாமிக்குக் குடுக்கக் கூடாதேன்னு வாசல்ல புதுசா ஒரு மாலை வாங்கிக் குடுத்தாங்க. அது ஊசியில கோத்த மாலை.

ராத்திரி யாவராத். சைனா டவுனு. நகைக்கடை போர்டெல்லாம் செவப்பும் தங்கமுமா எரியுது, ரோட்டோரம் பூரா மஞ்சக் கொடி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கொம்பு எழுத்துதான். வாணலியில காளானு பொரியற சத்தம், வெள்ளைத் துணிக்காரங்க கூட்டம் கூட்டமா. எங்களுக்கு கால் வலி, வயிறும் ரொம்பிருச்சு, ஆளுக்கு ஒரு டம்ளர் சூடா சோயாப் பாலு, சுட்ட வாழப்பழம் நாலு துண்டு, அதோட முடிச்சுக்கிட்டோம்.

ரூமுக்கு வந்து அம்மா தலைய அவுத்தாங்க. வெடியால கட்டுனப்ப மூடியிருந்த மொக்கெல்லாம் முழுசா விரிஞ்சு ரூம் பூராவும் வாசம். ஒண்ணுகூட உதிரல. அத தலகாணி பக்கத்துல வெச்சுட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாங்க, முந்தானைய அவுத்து எருக்கம்பூவக் காட்டுனாங்க, கல்யாண மாலைல இதத்தான் வெக்கறாங்கன்னதும் அப்பா நம்பவே இல்ல. சாமி, கோயிலு, ஊஞ்சலு எல்லாம் சொன்ன பொறவும் அப்பா ஒண்ணே ஒண்ணத்தான் கேட்டாரு, அங்க மல்லி கிலோ என்ன வெலை. "கிலோவே இல்லீங்க, லிட்டர்ல அளந்து போடறாங்க, நம்ம படிக்கணக்காட்டம்"னாங்க அம்மா. அப்பா ரொம்ப நேரம் அத நெனச்சுப் பாத்துட்டு "பூவ படியில அளந்தா அமுங்காதா"ன்னாரு. "ஐஸ் போட்டிருக்கறதால அமுங்கறதில்லீங்க, நான் கைய வெச்சே பாத்தேன்"னாங்க.

போன வெச்சுட்டு லைட்ட அமத்தறப்ப என்கிட்ட சொன்னாங்க, "நாளைக்கும் நாலரைக்கு எழுப்பறேன் கண்ணு. அந்தப் புள்ளகிட்ட ஊசி ஒண்ணு வாங்கோணும், சித்திக்கும் சேத்து ரெண்டா."